புலிப்பால் காளான் தண்ணீர்

கோத்தா திங்கி

பாப்பாவின் அம்மாவுக்கு,

பொந்தியானில் உன் அக்காள் வீட்டில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பாப்பா விடாமல் இருமுகிறாள், ரப்பர் தோட்டத்தில் இருமலுக்குக் கொடுக்கும் புலிப்பால் காளானை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அனுப்ப மாட்டேன்.

அந்தக் காளான் நல்லதுதான். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரி அதன் கிழங்கைக் கல்லில் உரைத்துக் கொஞ்சமாகத்தான் கொடுப்பாள். தோட்டம் முழுவதற்கும் அவ்வளவு கிழங்குக்கு எங்கே போவது? அதனால் கங்காணி, செத்த ரப்பர் கட்டைகளில் முளைக்கும் வெள்ளைக் காளானையும் பறித்துப் போட்டு அண்டாவில் காய்ச்சுகிறான். "எல்லாம் காளான்தானே, குடிங்கடா!" என்கிறான். குடிக்காதவனுக்குக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர் விழாது, கூலியும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு ஆள் போவதில்லை என்று துரைக்குச் சந்தோஷம்.

முன்பெல்லாம் லயத்து வீடுகள் முழுக்க இருமித்தான் விடியும். இப்போது அத்தனை பேரும் இருட்டில் வரிசையாக நிற்கிறோம், ஒருவரும் இருமுவதில்லை. ஆற்றங்கரைத் தவளைகள் கத்துவது இப்போதுதான் காதில் விழுகிறது.

வெள்ளிக்கிழமை வீரமுத்து மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "ஏண்டா, மாமியார் வூடா இது?" என்று கங்காணி அதட்டினான். பால் வெட்டும் கத்தி வீரமுத்துவின் கையில் அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தான். அன்று காலை அவன் ஒரு தடவைகூட இருமவில்லை.

பாப்பா இருமட்டும். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. அவள் இருமல் உன் காதில் கேட்கிறவரை பயப்படாதே.

என் இருமலைப் பற்றி விசாரித்திருந்தாய். நேற்றுக் காலையோடு நின்றுவிட்டது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்