எல்லாத் திரைகளும் தெரிகிற இடம்

ஜூலை 8

பள்ளிக் கணினி அறையின் பழைய பெட்டிகளை இன்று தூக்கிவிட்டார்கள். இனி ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை, ஒரு கீபோர்டு, உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். வேலையெல்லாம் நடப்பது என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே சர்வரில். அதில் ஓடுவது லினக்ஸ். மென்பொருளுக்குக் காசு இல்லை. பொருத்தித் தருகிற செம்மலும் காசு வாங்கவில்லை.

"சும்மா எதுக்குச் செய்றீங்க?" என்று கேட்டேன்.

"புள்ளைங்க கத்துக்கட்டும்னுதான் மிஸ்."

இந்த ஊரில் யார் சும்மா செய்கிறார்கள்?

ஜூலை 11

பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. பழையது திறப்பதற்குள் பாதி பீரியட் போய்விடும். எனக்கும் பிடித்திருக்கிறது என்று இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 19

ஆசிரியர் அறையிலும் இரண்டு திரை வைத்து அதே சர்வரில் இணைத்துவிட்டார். பிரெஞ்சு எடுக்கும் சிந்தியாவுக்கு ஒரே சந்தோஷம். பிரெஞ்சு எழுத்துகள் சுலபமாக வருகின்றனவாம்.

பழுது என்றால் செம்மல் வீட்டில் இருந்தபடியே சர்வருக்குள் வருவாராம். பழுது இல்லாத நாளில்? அப்போதும் வரலாம்தானே. வந்து எதைப் பார்ப்பார்?

ஆகஸ்ட் 2

மதியம் சிந்தியா கணினி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வேறு பள்ளிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறாள், ஆசிரியர் அறைத் திரையில். வீட்டுக்காரர் மிக்கேலிடம்கூட இன்னும் சொல்லவில்லையாம். காலையில் தலைமையாசிரியர் ஆரோன் சார் அவளைக் கூப்பிட்டு, "போறதுன்னா போங்க, பன்னெண்டாங் கிளாஸ வேற ஆள் பாத்துப்பாங்க" என்று சொல்லி அந்த வகுப்பைப் பிடுங்கிவிட்டார்.

"அந்த மெஷினெல்லாம் நீதான சுடர் பாத்துக்கற?" என்றாள்.

கேள்வியா அது? என்மேலேயே சந்தேகமா? எனக்கு இது எதுவுமே தெரியாதுடி என்றேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

செம்மல்தான். வேறு யாராக இருக்கும்?

ஆகஸ்ட் 5

செம்மலை வரச் சொல்லி நேராகவே கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. சர்வர் முன்னால் உட்கார்ந்து எதையோ திறந்தார். எல்லாத் திரைகளும் சின்னச் சின்னதாக வரிசையில் வந்தன. எங்கள் ஆசிரியர் அறைத் திரைகளும்.

"கிளாஸ்ல யாரு எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு நீங்க பாக்கறதுக்கு மிஸ்."

"நீங்களும் பாக்கலாமில்ல?"

"பாக்கலாம். பாக்கல. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்." திரையை மூடிவிட்டு, "எச்.எம். சார் மொதல் வாரமே பாஸ்வேர்ட் கேட்டு வாங்கிக்கினாரு. அவர் ரூம்லயும் இது ஓடுது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

நான் பார்த்துக்கொள்கிற அறை. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் பழியைப் பெரியவர் தலையில் போடுவதும் சுலபம்தானே? யாரை நம்புவது?

ஆகஸ்ட் 6

தேர்வு அட்டவணையைக் கேட்கிற சாக்கில் ஆரோன் சார் அறைக்குப் போனேன். யாரோ பெற்றோர் வந்திருக்க, வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஆசிரியர் அறைத் திரை அப்படியே தெரிந்தது. சக ஆசிரியை பெனிஷா கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு எழுத்தாக.

நான் அங்கிருந்து நகரவே இல்லை. அவர் திரும்பி வந்ததும், "இன்னா சார் இது?" என்றேன்.

"ஸ்கூல் மெஷின்மா. ஸ்கூல் பாக்குது."

துளிக் கூச்சம் இல்லை அந்த முகத்தில்.

ஆகஸ்ட் 9

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, நம் திரைகளை ஆரோன் சார் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் துணையாக முதலில் பெனிஷா எழுந்தாள், அவளைப் பார்த்து மற்றவர்கள். சிந்தியா கடைசியில்தான் எழுந்தாள்.

"அவ்ளோ சந்தேகம்னா நீங்களே வெச்சிக்கங்க. எனக்கு வேணாம்" என்று ஆரோன் சார் கூட்டத்தை முடித்தார்.

மாலையில் செம்மல் வந்து அவர் அறையில் இருந்து அதை எடுத்துவிட்டார். தான் வீட்டில் இருந்து வருகிற வழியையும் அடைத்துவிட்டு, புது பாஸ்வேர்டை என்னையே போடச் சொல்லித் திரும்பி நின்றுகொண்டார். இவர் மேல்தான் ஒரு மாதமாக எனக்குச் சந்தேகம்.

ஆகஸ்ட் 13

சிந்தியாவுக்கு அவள் வகுப்பு திரும்பக் கிடைத்துவிட்டது. என்னிடம் வந்து சொல்லவில்லை. பெனிஷா சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 20

வகுப்பு இல்லாத பீரியட். சர்வர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். சிந்தியா ஏன் பேசுவதில்லை என்றே மனசு சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாத் திரைகளையும் காட்டுகிற அதைத் திறந்தேன்.

ஆசிரியர் அறையில் அவள்தான் இருந்தாள், யாருக்கோ மெயில் எழுதிக்கொண்டு. 'சுடர்விழிக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.'

முழுவதும் படித்த பிறகுதான் மூடினேன்.

உடனே செம்மலுக்கு போன் செய்து, அதை அடியோடு எடுத்துவிடச் சொன்னேன்.

"இப்ப உங்ககிட்ட மட்டும்தான மிஸ் இருக்கு? அது இல்லாம கிளாஸ் எடுக்கறது கஷ்டமாச்சே."

"பரவால்ல. எழுந்து நடந்துபோய்ப் பாத்துக்கறேன்."