கம்பளத்தில் இருந்து எழுப்பப்பட்டவர்

அன்பு மகன் ஸ்டெனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, துபாயில் உனக்கும் அப்படியே இருக்கட்டும். மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை பெபிஷாவைப் பார்க்க சிதறாலில் இருந்து பையனும், ரப்பர் பால் வெட்டும் அவன் அப்பா ஜான்ரோஸும் வந்தார்கள். நாற்காலி இடுப்புக்கு ஒத்துக்கொள்ளாது, தரையில் இருக்கிறேன் என்றார் அவர். சம்பந்தியாக வரப்போகிறவரை வெறுந்தரையில் எப்படி இருத்துவது? நீ வாங்கிச் சேர்த்து இங்கே சுருட்டி வைத்திருக்கும் காகசஸ் மலைக் கம்பளங்களில் அந்த நீலத்தை நான்தான் விரித்தேன். பாய் இல்லாமல் அல்ல, வீட்டில் இருப்பதிலேயே நல்லது அது என்பதால். அவர் முற்றத்துக் குழாயில் கால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அந்த நேரம் நீ வீடியோவில் வந்தாய். மாப்பிள்ளையைக் காட்ட அப்பா போனைத் திருப்பினார், உன் கண்ணில் மாப்பிள்ளை படவில்லை. "அந்த ஆள மொதல்ல எழும்பச் சொல்லுங்கம்மா, நூறு வருசத்து சாதனம் அது" என்றாய், எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். "பரவாயில்ல மக்கா, நாங்க பாறையில இருந்து பழகினவங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீயை யாரும் குடிக்கவில்லை. பையனைப் பெபிஷாவுக்குப் பிடித்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவர்கள் போனபின், "அண்ணனுக்கு அந்தக் கம்பளத்தையே கெட்டி வச்சிருங்கம்மா" என்றாள்.

அந்தக் காகசஸ் மலைநாட்டில் பெண்கள் குளிர்காலம் முழுக்க நெய்து, விருந்தாளி வந்தால் இருப்பதில் நல்லதை விரிப்பார்கள் என்று எனக்கு வாசிக்க அனுப்பியது நீதானே? யாரோ ஆடு மேய்த்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பழசானதால்தான் உனக்கு அது பெரிய பொருள். நம் ஊரில் ரப்பர் பால் வெட்டுகிறவர் உட்கார்ந்தால் அழுக்கா? நான் விரித்ததை விருந்தாளியின் அடியில் இருந்து உருவ உனக்கு யார் உரிமை கொடுத்தது?

நேற்று நானும் அப்பாவும் கம்பளத்தை ஆட்டோவில் ஏற்றி அவர் வீட்டுக்குப் போனோம். முதலில், விலையுள்ள சாதனம், கொண்டு போங்கள் என்றார். நான் அங்கேயே விரித்து, முதலில் நான் உட்கார்ந்தேன். பிறகு அப்பா, பிறகு அவர். வெகுநேரம் மழையைப் பற்றித்தான் பேசினோம். புறப்படும்போது, "ஒங்க பயல் ஒரு வார்த்த விளிச்சுப் பேசட்டு, பொறவு பாப்போம்" என்றார். கம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். உன் காசில் வாங்கியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. வேண்டுமென்றால் அவரிடம் நீயே கேட்டு வாங்கிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, ஏசியில் தலை நனைந்தபடி படுக்காதே. கர்த்தர் உன்னைக் காத்து, உன் வாயையும் காக்கட்டும். இந்த வாரமே அவரைக் கூப்பிடு. சார் என்று அல்ல, மாமா என்று கூப்பிடு.

உன் மேல் கோபம் தீராத
அம்மா நேசபாய்
இரணியல்