அமானிதக் கெளுத்தி

12 மார்ச் 1978, ஞாயிறு

என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் டின்னில் மீன் கொண்டுவந்திருக்கிறார். சமைக்க இல்லையாம், வளர்க்கவாம். புயலில் இடிந்த படித்துறையைக் கட்டுவதற்காகப் பள்ளிவாசல் குளத்தை இறைத்துவிட்டார்கள். சேற்றில் துடித்த மீன்களை எல்லாரும் குழம்புக்கு எடுத்துப் போக, இவர் மட்டும் ஜமாஅத்தாரிடம், "குளம் நெறஞ்சதும் நானே கொண்டாந்து விட்டுடுறேன், அதுவரைக்கும் எங்கிட்ட ஒப்படைச்ச அமானிதம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

முழங்கை நீளக் கெளுத்தி. ஏட்டையாவுக்கு இருப்பதுபோல மீசை. கொல்லைச் சிமெண்டுத் தொட்டி இனி அதற்குத்தானாம். நான் துணியை எங்கே அலசுவது? கேட்டால் சிரிக்கிறார். வாக்குக் கொடுப்பது ஒருவர், கட்டிக் காப்பது இன்னொருவர்.

2 ஏப்ரல்

பகலெல்லாம் உடைந்த மண்குழாய்க்குள் ஒளிந்துகொள்கிறது. அந்தி மஃரிபு தொழுகைக்குப் பிறகு இவர் மரக்கட்டை மிதியடியை மாட்டிக்கொண்டு டொக் டொக்கென்று கொல்லைக்குப் போனால் உடனே மேலே வந்து வாயைத் திறக்கிறது. நான் கூப்பிட்டு இவர் ஒருநாளும் இவ்வளவு வேகமாக வந்ததில்லை.

19 ஏப்ரல்

நேற்று அவர் மௌத்தாகிவிட்டார். கடையில், நெஞ்சுவலி.

29 மே

இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்ட முடியாது. துணைக்கு என் தம்பி தாவூதின் மனைவி அமீர் நிஷா.

நேற்று நாற்பதாம் நாள் பாத்திஹா. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் இரண்டு பிடி நெய்ச்சோற்றைத் தொட்டியில் போட்டேன். அவர் பேரால் ஊரே சாப்பிடுகிறது, இது மட்டும் பட்டினியா என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் கழுநீராக இருக்கிறது. அப்படி ஒரு நாற்றம். மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கிறது. பதறிப்போய் இரண்டு பேருமாக மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டுக் கிணற்று நீரை நிரப்பினோம். இப்போது ஒருக்களித்துக் கிடக்கிறது. யா அல்லா, பாசத்தில் செய்ததுதானே. ஒண்ணும் தெரியாத எங்கிட்ட இதை ஏன் விட்டுட்டுப் போனீங்க?

1 ஜூன்

நிமிர்ந்துவிட்டது. ஆனால் எதையும் தொடவில்லை. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் பூவாயியைக் கேட்டேன். "செத்த மீனுன்னா கேளுங்கம்மா, சொல்றேன். உசுரோட வளக்கறது எங்க ஊர்ல யாருக்குந் தெரியாது" என்றாள். போகும்போது ஒரு கை கூனி இறாலை முறத்தில் போட்டுவிட்டுப் போனாள். அதையும் தின்னவில்லை.

மற்ற விவகாரமெல்லாம் தாவூது பார்த்துக்கொள்வான். இது செத்துப்போனால்? ஒப்படைக்காத அமானிதத்துக்கு மறுமையில் அவரையல்லவா கேட்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

9 ஜூன்

கோடை மழை. கொல்லையெல்லாம் சகதி. மூலையில் கிடந்த அவருடைய மிதியடியை மாட்டிக்கொண்டு துணி எடுக்கப் போனேன். எனக்குப் பெரிது, கழன்று கழன்று டொக் டொக்கென்று அடித்தது. தொட்டியில் தண்ணீர் சலசலத்தது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி மேலே நிற்கிறது.

காலையில் பூவாயி தந்த கூனியைப் போட்டேன். தின்றது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மௌத்தன்றுகூட இப்படி அழவில்லை.

27 ஆகஸ்டு

இத்தா முடிந்தது. குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டேன். "வூட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு லாத்தா" என்கிறான் தாவூது. மீன்? "அதைக் குழம்பு வச்சிட்டுப் போவோம்." விளையாட்டுக்குத்தான் சொன்னான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

15 அக்டோபர்

பாசி தேய்க்கும்போது மீனின் பக்கவாட்டு முள் குத்திவிட்டது. மணிக்கட்டு வரை வீங்கிக் கடுக்கிறது. தப்பு என்மேல்தான், குழாய்க்குள் கை விட்டேன். எனக்குப் புத்தி வந்த வழியெல்லாம் இப்படித்தான். கொஞ்சமாகப் போட வேண்டும், மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். தண்ணீரைப் பாதிதான் மாற்ற வேண்டும், அதுவும் முதல் நாளே இறைத்து வைத்ததாக. குழாய் இருட்டுக்குள் இருக்கும்போது அதை அதன்பாட்டில் விட வேண்டும்.

3 ஜூன் 1979

மீன் வளர்ந்துவிட்டது, திரும்பும்போது வால் சுவரில் அடிபடுகிறது. மூக்கு நுனி தேய்ந்து வெளுத்துவிட்டது. குளத்துப் படித்துறை இன்னும் கட்டி முடியவில்லை. மெதுவாகவே கட்டட்டும்.

என்ன எழுதிவிட்டேன்! பள்ளிவாசல் காரியம். இருந்தாலும் எழுதியதை அடித்துவிட மனமில்லை. பள்ளிவாசல் மதிலுக்குள் பெண்கள் போவதில்லை. அங்கே விட்டால் அப்புறம் நான் அதைப் பார்க்கவே முடியாது.

4 நவம்பர்

குளம் நிறைந்துவிட்டது. ஜமாஅத்துக்காரர் மதார் சாகிப் வாசலில் நின்று தாவூதிடம் பேசினார். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "ஒத்தை மீனு. உங்க லாத்தாவே வச்சிக்கிடட்டும் தம்பி. ஜமாஅத் கேக்காது, பொறுப்பு தீந்துச்சுன்னு சொல்லுங்க."

அல்ஹம்துலில்லாஹ். அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

6 நவம்பர்

மனிதர்கள் பொறுப்பு தீர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தொட்டியருகே உட்கார்ந்து பார்த்தேன். நேராகக் கிடக்க இடமில்லாமல் உடம்பை வளைத்துக்கொண்டு கிடக்கிறது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?

பதில் தெரிந்துதான் கேட்கிறேன்.

8 நவம்பர்

தாவூது வலை கொண்டுவந்தான். வேண்டாம், முள் மாட்டிக் கிழியும் என்று ஈரச் சாக்கைக் கொடுத்தேன். துணி அலசும் பெரிய அண்டாவில் வைத்துக் கைவண்டியில் ஏற்றினோம். தெருமுனை வரை கூடவே போனேன். அதற்குமேல் பள்ளிவாசல் குளத்துக்கு அவன் மட்டும் போனான்.

தொட்டியைக் கழுவிக் காயவிட்டிருக்கிறேன். துணி அலசலாம் இனிமேல்.

16 நவம்பர், வெள்ளி

ஜும்ஆ முடிந்து தாவூது வந்தான். அவனாகவே சொன்னான்: "கைகால் கழுவி ஒளூ செஞ்சிட்டு யாராச்சும் மிதியடியைப் போட்டுக்கிட்டுப் படியில நடந்தா போதும் லாத்தா, ஒடனே மேல வந்து வாயைத் தொறக்குது. ஊரே நின்னு வேடிக்கை பாக்குது. எல்லாரும் நடக்குறாங்க, ஒருத்தரும் ஒண்ணும் போட மாட்டேங்கறாங்க."

பூவாயி இன்னும் தெருவில்தான் இருந்தாள். கூப்பிட்டுக் கூனி வாங்கினேன். "கொஞ்சமாப் போடு, மிதியடியோட போ" என்று தாவூதைத் திருப்பி அனுப்பினேன்.