ஒளு விளையாட்டில் கடிகாரத்தை எடுத்துவிட்டேன்

என்னங்க,

சுபுஹு தொழுதுவிட்டு மறுபடி படுத்துவிட்டீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. சாவி ஆணியில்.

இன்று பத்து மணிக்குத் தலைமை ஆசிரியை என் மார்க்க வகுப்பைப் பார்க்க வருகிறார்! இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் டேப்லெட்டில், நான் செய்த விளையாட்டில், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் படங்களை வரிசையாக அடுக்கப் போகிறார்கள். அவருக்குப் பிடித்துப்போனால் எல்லா வகுப்புக்கும் இதுதானாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேற்று உங்களையும் நம் வாயாடியையும் வைத்துத்தானே சோதித்தேன்? எல்லாம் சரியாக அடுக்கியும் மகளிடம் தோற்றீர்கள். "நிதானமா ஒளு செய்யணும்னு சொல்லிக் கொடுத்துட்டு, வேகமா அமுக்கினவளுக்கு அதிக மார்க்கா?" என்று கேட்டீர்கள். "தோத்துட்டு சாக்கு சொல்லாதீங்க" என்று நான் வாயை விட்டேன். அதோடு பேச்சு நின்றது.

விடியற்காலையில் குழாயடியில் நீங்கள் ஒளு செய்வதைப் பார்த்தேன். என்மேல் அவ்வளவு கோபத்திலும் விரல் இடுக்கெல்லாம் பதறாமல் கழுவிக்கொண்டிருந்தீர்கள். உடனே உட்கார்ந்து, திரையில் ஓடும் கடிகாரத்தை எடுத்துவிட்டேன். இனி எவ்வளவு நேரமானாலும் சரியாக அடுக்கினால் முழு மார்க்.

இதை நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் சீட்டு.

இப்படிக்கு,
உங்கள் அவசரக்காரி

பி.கு: வாயாடி எழுந்ததும் பால் கொடுங்கள். புது விளையாட்டு உங்கள் போனில் இருக்கிறது, அவளோடு ஆடிப் பாருங்கள். கடிகாரம் இல்லாமலும் தோற்றால் என்னிடம் வரக் கூடாது.

இன்னொன்று: எனக்காக அல்லாஹ்விடம் துஆ கேளுங்கள். அதை மட்டும் கொஞ்சம் வேகமாக, பத்து மணிக்குள்!