உங்கள் தலைமாட்டில் ஒரு செத்த பற்றரி

என் அன்பு அண்ணா,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. இங்கே நடக்கும் கூத்தையாவது சொல்கிறேன்.

உங்கள் ஆண்டு நினைவுக்கு மீனவர் சங்கத் தலைவர் உங்கள் கல்லறையில் ஒரு சூரிய விளக்கு நட்டார். முல்லைத்தீவுக் கரையில் எத்தனையோ படகுகளுக்குப் பற்றரி திருத்திக் கொடுத்தவருக்கு விளக்கு வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் பேச்சு முழுவதும் தலைவரின் சேவையைப் பற்றியே இருந்தது. விளக்குக் கம்பத்தில் பூட்டிய தகட்டிலும் அவர் பெயர்தான் பெரிது.

விளக்கு மூன்று நாள் எரிந்தது. அதன்பின் பொழுது பட்டதும் ஒருமுறை மினுங்கி அணைந்துவிடும். இரண்டு படகு வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் கரையில் பகிடி விட்டார்: "பற்றரிக்காரன்ர விளக்கே எரியேல்லை. எங்கட பற்றரியளை என்னெண்டு திருத்தியிருப்பான்?" உங்கள் வேலையை நம்பிக் கடலுக்குப் போன மனிசன் அவர்.

விளக்கைத் திருத்தச் சொல்லித் தலைவரிடம் போனேன். கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "தங்கச்சி, மீற்றர் பிடிச்சுப் பாத்தனாங்கள். பன்னிரண்டு வோல்ற் காட்டுது. பிழை பல்ப்பிலதான்."

மீற்றர் பிடித்துவிட்டாராம்! "சும்மா இருக்கேக்க செத்த பற்றரியும் பன்னிரண்டு காட்டும், வேலை குடுத்துப் பார்" என்று நீங்கள் எத்தனை பேரிடம் கத்தியிருப்பீர்கள்? பகலில் ஏறும் மின்சாரத்தை ஈயத் தகடும் அசிட்டும் வேறொன்றாக மாற்றி வைத்திருந்து, பிறகு மின்சாரமாகவே திருப்பித் தர வேண்டும். தகட்டில் வெள்ளையாய் உப்புப் படிந்து இறுகிவிட்டால் அது வாங்கவும் மாட்டாது, கொடுக்கவும் மாட்டாது. எங்கள் சங்கத்தில் அப்படி இறுகிப்போனவர்கள் கதிரைக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை நானே போய் விளக்கின் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே இருந்த பற்றரியின் மேல் வெள்ளைப் பெயின்றில் உங்கள் கையெழுத்து: "செத்தது. ஒருத்தருக்கும் குடுக்காதை."

உங்கள் செத்தவீடு முடிந்த கிழமை, "அக்கா, கடையில கிடக்கிற பழசுகளை நாங்கள் கொண்டுபோய் எறிஞ்சு விடுறம்" என்று அண்ணியிடம் சொல்லிச் சங்கத்தார் ஏற்றிப் போனவற்றில் ஒன்று அது. நீங்கள் கழித்துப் போட்டதையே உங்களுக்கு நினைவுச் சின்னமாக்கி, மாலையும் போட்டிருக்கிறார்கள். எழுதியிருப்பதை வாசிக்கக்கூட அவர்களில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு வந்து தேவாலய வாசலில் வைத்தேன். அந்தச் சம்மாட்டி குனிந்து வாசித்தார்.

"இது அவன்ர எழுத்தெல்லே!" என்றார். பிறகு நிமிர்ந்து, "பிள்ளை, நான் கதைச்சது பெரிய பிழை," என்றார், எல்லோருக்கும் கேட்க.

தலைவர், "ஏதோ மாறிப் போச்சுது..." என்று இழுத்தார்.

"ஓம்," என்றேன். "தகட்டில உங்கட பேர் மட்டும் மாறேல்லை."

அன்று பின்னேரமே சம்மாட்டி தன் படகுப் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். விளக்கு எரிகிறது. தகட்டை நான் கழற்றிவிட்டேன். செத்த பற்றரியைச் சங்க மேசையில், தலைவரின் கதிரைக்கு முன்னால், உங்கள் எழுத்து வருவோருக்குத் தெரியும்படி வைத்திருக்கிறேன். அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பும் வரை அதை ஒருவரும் அசைக்க விடமாட்டேன். இது சத்தியம், அண்ணா.

உங்கள் வாய்க்காரத் தங்கச்சி