மாடிப்படிக்குக் கீழே தலைமை ஆசிரியர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு நாற்பத்தொரு எக்ஸ்ரே. "மூச்ச இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. மதியம் வீட்டுத் தரகர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அப்பா வீட்டை விலைக்குப் பார்க்கச் சனிக்கிழமை ஆள் வருகிறார்களாம். நாங்கள் மூன்று பேரும் இருக்க வேண்டுமாம்.

மூன்று பேரும்! அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருடம் ஆகிறது. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்றாம் நாள்தான் தம்பி வந்து சேர்ந்தான். "இப்ப வந்து என்ன கிழிக்கப் போற?" என்றார் அண்ணன். அவ்வளவுதான். அதிலிருந்து எல்லாத் தகவலும் என் வழியாகத்தான். நான் என்ன தபால்பெட்டியா?

மார்ச் 5, வியாழன்

இருவரும் வருகிறார்களாம்.

மார்ச் 7, சனி

விலா வலிக்கிறது. சிரித்துத்தான். மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதுக்கே போய்விட்டோம். தரகர் வருவது பதினொன்றுக்கு. காலி வீடு, உட்கார நாற்காலி கூட இல்லை. அண்ணன் முன்னறையில் மடிப்புக் கலையாத சட்டையோடு சுவரைப் பார்த்து நின்றார் — பள்ளிக்கூடத்திலும் தலைமை ஆசிரியர் இப்படித்தான் நிற்பாரோ என்னவோ. தம்பி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், கை சும்மா இருக்காது. பின்னறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தான். நடுவில் நான்.

டிவி இருந்த மூலையைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை டிவி! அண்ணன் மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்புவார். படிக்கட்டில் தம்பி. டிவி முன்னால் நான். "தெரியுதா?" "இல்ல!" "இப்ப?" "ஐயோ, போயிடுச்சு!" படம் பளிச்சென்று வந்துவிட்டது என்று நான் கத்துவேன், தம்பி மேலே பார்த்து, "இன்னும் வரலியாம்!" என்பான். அண்ணன் வெயிலில் காய்ந்துகொண்டே திருப்புவார், திருப்புவார்...

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். "என்ன?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கேட்டதும் இரண்டு முகமும் சட்டென்று திரும்பிக்கொண்டன.

அப்போது எனக்கு என்ன பிடித்ததோ! ஐம்பது வயதுக்காரி, சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உரக்க ஆரம்பித்தேன்: "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். திபுதிபுவென்று காலடிச் சத்தம். "இருபது!" என்று திரும்பினால் — ஒருவரையும் காணோம்.

மாடி, குளியலறை, கதவு இடுக்கு... எங்குமே இல்லை. கோபித்துக்கொண்டு போயேவிட்டார்களா? எனக்குப் பகீரென்றது. அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்து நிற்கிறார், ஒரு கணவன் மனைவியோடு. அரை மணி நேரம் முன்னாலேயே!

"அண்ணன், தம்பியெல்லாம் எங்கம்மா?"

"இங்கதான்... எங்கயோ இருக்காங்க."

பொய்யில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டினேன். மாடிப்படிக்குக் கீழே வந்ததும் உள்ளே ஏதோ 'கிர்ர்' என்றது. "எலி இருக்கோ?" என்று அந்தம்மா இந்த வயதில் யார் நுழைவார்கள் என்று நான் பார்க்காமல் விட்ட, படிக்கடியில் இருந்த சின்ன அறையின் கதவைத் திறந்தார்.

உள்ளே தம்பி. அவன் மடியில் தலைமை ஆசிரியர். தம்பியின் கை அண்ணன் வாயைப் பொத்தியிருந்தது. இரண்டு பேர் கண்ணிலும் சிரித்துச் சிரித்துத் தண்ணீர்.

அண்ணன் அந்தக் கையை மெதுவாக விலக்கி, பள்ளியில் பேசும் குரலில், "வாங்க. இது சாமான் போடுற ரூம். ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்" என்றார்.

தரகர் முகம் போன போக்கு! அந்தம்மா மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. "உள்ளேர்ந்து தொறக்க வருமா?" என்று கேட்டார்.

அவர்கள் போனதும் படிக்கட்டில் உட்கார்ந்து கதை கேட்டேன். தம்பிதான் முதலில் நுழைந்திருக்கிறான். இருட்டில் அண்ணன் நேராக வந்து அவன் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். எழ இடமில்லை. சத்தம் போட்டால் நான் பிடித்துவிடுவேன். கடைசியில் காதோடு, "டேய் குண்டூசி, முட்டிய எடுடா" என்றாராம். பத்து வயதில் ஒல்லியாக இருந்தபோது வைத்த பெயர். குண்டூசி இப்போது தொண்ணூறு கிலோ! அதற்கு அடக்கிய சிரிப்புதான் அந்தக் 'கிர்ர்'.

சிரிப்பு அடங்கிய பிறகு அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மழையில மூணு நாளா பஸ் ஓடலன்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார் அண்ணன். "என் தப்புதான்டா."

தம்பி, அண்ணன் முதுகில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டான். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. எழுந்து போய்ச் சுவரில் முகம் புதைத்து மறுபடியும் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"ஏய், மூட்டு வலிக்குதுடி!" என்று கத்திக்கொண்டே ஓடினார் அண்ணன்.

மார்ச் 8, ஞாயிறு

தொடை இரண்டும் கழன்றுவிடும்போல வலி. குனிய முடியவில்லை. ஆனந்தம்.

மார்ச் 20, வெள்ளி

அந்தம்மாவுக்கே வீடு முடிந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அழுவேன் என்று இரண்டு கைக்குட்டை எடுத்துப் போனேன். தம்பி சொன்ன ஏதோ ஒரு அசட்டு ஜோக்கில் அண்ணன் கையெழுத்துக் கோணிவிட்டது. கைக்குட்டை மடித்தபடியே திரும்பி வந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணன் கண்ணுக்கு ஏதோ சொட்டு மருந்தாம், தம்பியிடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் போன் போட்டேன். பிஸி. சரியென்று அண்ணனுக்குப் போட்டேன். அதுவும் பிஸி. கால் மணி கழித்துத் தம்பிக்கு — பிஸி. அண்ணனுக்கு — பிஸி.

ஒரு மணி நேரமாக இப்படியே. நான் யாருக்கும் தேவையில்லை போலிருக்கிறது!

காபி போட்டுக்கொண்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.