முனியாண்டிக்கு இடமில்லை

திரிங்காப்,
வியாழக்கிழமை

அன்புள்ள சாம்பசிவம் அண்ணனுக்குத் தங்கை சசிரேகா எழுதுவது. இங்கே மலையில் எல்லோரும் சுகம். ஜொகூர் வெயிலில் அண்ணிக்குத் தலைவலி குறைந்ததா? போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

மேட்டுக்காட்டை வெட்ட நீங்கள் அனுப்பிய மண்வாரி இயந்திரத்தை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். திட்டி முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

கீழ்த் தோட்டத்தில் இந்த வருடமும் கோபிஸ் உருண்டு கட்டவில்லை, இலையெல்லாம் வெந்துபோகிறது. எதிர்மலைத் தேயிலையில்கூடப் பழைய பனிமூட்டம் இல்லை. குளிர்ச்சி தேடி மேலே போவோம் என்று நீங்கள் சொன்னது தப்பில்லை. அப்பா காலத்திலிருந்து அப்படித்தானே? ஒவ்வொரு தடவை காடு வெட்டும்போதும் முனியாண்டிக்குச் சுருட்டும் சேவலும் வைத்து, கொஞ்சம் மேலே போய் உட்காரு சாமி என்று கேட்டுக்கொண்டு அவருடைய கல்லைத் தூக்கி மேலே வைப்போம். அவரும் மறுத்ததில்லை.

நேற்று சாயங்காலம் அதைக் கேட்கத்தான் தனியாகப் போனேன். கல்லுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்று நின்றது. பிடரி மயிர், சின்னக் கொம்பு. அசையாமல் என்னையே பார்த்தது. முனியே வந்துவிட்டார் என்றே நினைத்தேன். சூடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முகம்மது மாமாவின் மகள் அஃபிஃபா, காட்டு விலங்குகளைக் காக்கும் வேலையில் இருக்கிறாளே, அவளிடம் சொன்னேன். "அது காட்டாடு அக்கா. கீழ ரொம்ப பானாஸ் லா, சூடு தாங்க முடியாம ஏறி வருது. உங்க மேட்டுக்காடு ஒண்ணுதான் மிச்சம். அதையும் வெட்டிட்டா எங்க நிக்கும்?" என்றாள். மரங்களை விட்டுவைத்தால், ஓடையோரமாக நட்டுக் காட்டை நீட்டிவிட அவள் ஆபீஸில் மரக்கன்றும் தருகிறார்களாம்.

காலையில் மறுபடி போய்ச் சூடம் ஏற்றினேன். கேட்க வாய் வரவில்லை அண்ணா. கல்லுக்குப் பின்னால் அந்த நாலு மரம், அப்புறம் மலை முடிந்துவிடுகிறது. கண்ணை மூடினால் அந்தக் காட்டாடு நின்று பார்க்கிறது. அதுவும் நம்மைப் போலத்தானே வெயிலுக்குப் பயந்து ஏறி வந்திருக்கிறது? கீழ்த் தோட்டத்தில் இனி என்ன வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

நிலம் உங்கள் பேரில். வெட்டத்தான் வேண்டுமென்றால் நீங்களே வந்து அவரிடம் கேளுங்கள், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவரை இனி எங்கே போகச் சொல்லப்போகிறீர்கள் என்பதை மட்டும் பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள்.

அவர் உங்களையும் அண்ணியையும் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
சசிரேகா